புள்ளி போனால் பேர் போச்சு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெயர் எம்ப்ராய்டரி பற்றிய சந்தேகங்களே அதிகம். ஈரோட்டில் 22 வருடமாகப் பள்ளிச் சீருடைக்கும் டவலுக்கும் பேட்ஜுக்கும் பெயர் போட்டுக்கொண்டிருக்கிறேன். தையல் பிரிந்து திரும்பி வந்த துணிகள் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

அக்கா, ஒற்றைத் தலை கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 12 மி.மீ. உயரத்தில் போடும் பெயர்கள் நன்றாக நிற்கின்றன. அதே டிசைனை மெஷினிலேயே 7 மி.மீ. ஆகக் குறைத்துக் கைக்குட்டையில் போட்டால், இரண்டு துவையலில் மெய்யெழுத்துப் புள்ளிகள் பிரிந்து போய்விடுகின்றன. எழுத்து முனைகளிலும் நூல் துருத்துகிறது. நூல் மட்டமா, மெஷின் கோளாறா?
— வாசகி, காங்கேயம்

இரண்டும் இல்லை என்றுதான் தோன்றுகிறது, தங்கச்சி. குறைத்தபோது முடிச்சு தொலைந்துபோயிருக்கிறது.

கையால் பொத்தான் தைக்கும்போது நூல் நுனியில் முடிச்சுப் போட்டுத்தான் தொடங்குகிறோம். முடிக்கும்போது துணிக்கு அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு நறுக்குகிறோம். மெஷினால் அப்படி முடிச்சுப் போட முடியாது. அதற்குப் பதிலாக, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மூன்று நான்கு குட்டித் தையல் போடுகிறது. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தொடங்கும்போது போடுவது டை-இன், முடிக்கும்போது போடுவது டை-ஆஃப். பட்டறையில் இரண்டையும் லாக் என்றே சொல்வோம். ரேயான், பாலியெஸ்டர் எம்ப்ராய்டரி நூல் இரண்டுமே வழவழப்பானவை. லாக் இல்லாமல் நறுக்கினால் கடைசித் தையல் நழுவும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததும் நழுவும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 12-ஐ 7 ஆக்கினால் எல்லாத் தையலும் கிட்டத்தட்ட 58 சதவீதமாகச் சுருங்கும். 0.8 மி.மீ. இருந்த லாக் தையல் 0.47 ஆகிவிடும். பல மெஷின்களிலும் சாஃப்ட்வேர்களிலும் மிகச் சிறிய தையல்களைத் தானாக நீக்கும் வசதி ஒன்று உண்டு. ஒரே இடத்தில் ஊசி குத்திக் குத்தி நூல் அறுந்துவிடாமல் இருப்பதற்காக வைத்தது அது. அதன் எல்லை 0.5 மி.மீ. என்று இருந்தால், உங்கள் லாக் முழுவதையும் வேண்டாத தையல் என்று எண்ணிக் கூட்டித் தள்ளிவிடும். அந்த நீக்கம் நடக்காவிட்டாலும் தையலுக்குத் தையல் நெருக்கம் கூடி எழுத்து கட்டிதட்டியிருக்கும். அதனால் தைக்கும் ஃபைலை மெஷினில் வைத்துக் குறைக்காதீர்கள். பஞ்சிங் செய்தவரிடம், அதாவது டிசைனைத் தையல் ஃபைலாக மாற்றித் தந்தவரிடம், மூல ஃபைலை 7 மி.மீ.க்கே புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். லாக் தையல் 0.7-க்குக் குறையக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

புள்ளி மட்டும் முதலில் போவது ஏன் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கார்த்திக் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் பெரிய எழுத்தில் போட்டால் ஏழு எழுத்து, ஏழு துண்டு. தமிழில் க, அதன் கால், ர, அதன் புள்ளி, த, அதன் புள்ளி, தி, க, கடைசிப் புள்ளி என்று ஒன்பது துண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் நூலை வெட்டினால் ஒன்பது தொடக்கம், ஒன்பது முடிவு, ஆக 18 லாக். தொடர்ந்து ஓடும் எழுத்தில் லாக் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும், அடுத்தடுத்த சாட்டின் தையல் (கோட்டின் அகலத்துக்குக் குறுக்கே நெருக்கமாகப் போடுவது) மேலே ஏறி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். புள்ளிக்கு அந்த ஆதரவு கிடையாது. ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஏழெட்டுத் தையல்தான் அதன் மொத்த உடம்பு. லாக் போனால் புள்ளி முழுவதும் போகும்.

நான் தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு பள்ளிக்கு 60 சட்டைக்குத் தமிழில் பெயர் போட்டேன். பத்தே நாளில் ஒரு அம்மா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சட்டையில் இருந்தது 'காரததிக'. வகுப்பில் எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். 60 சட்டையையும் திரும்ப வாங்கி, மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் கை ஊசியால் போட்டேன். அன்றிலிருந்து புள்ளிக்குத் தனிக் கவனம் கொடுத்துத்தான் எந்தப் பெயரையும் மெஷினில் ஏற்றுகிறேன்.

புள்ளியை நான் போடும் முறை இதுதான். லாக்கை நடுவில் தொடங்கி, அங்கேயே கூட்டல் குறி மாதிரி ஒரு சின்ன அடித்தையல். அதன்மேல் இடமிருந்து வலமாகச் சாட்டின். முடிக்கும் லாக்கை ஓரத்தில் வைக்காமல் உள்ளே திரும்பி வந்து, சாட்டின் தையல் போகிற திசையிலேயே போட வேண்டும். அப்போது அது மற்ற நூலோடு படுத்து மறைந்துவிடும். குறுக்கே போட்டால் மிளகு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். எழுத்துகளுக்கும் இதே நியாயம்தான். முனையில் லாக் போடாமல் கோட்டின் வயிற்றுக்குள் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நூல் துருத்துவதும் நிற்கும்.

வெட்டுகளையும் குறைக்கலாம். க-வின் அடியில் முடித்துப் பக்கத்துக் காலின் அடியிலேயே தொடங்கினால் இடைவெளி 2 மி.மீ.கூட வராது. அந்த நூலை வெட்டாமல் விட்டால் அங்கே லாக்கே தேவையில்லை. ஆனால் ஒன்று, தங்கச்சி. அந்த இடைநூலைப் பிறகு கத்தரியால் நறுக்குகிற எண்ணம் இருந்தால் இரண்டு பக்கமும் லாக் கட்டாயம் வேண்டும். மெஷின் வெட்டினால் என்ன, நீங்கள் வெட்டினால் என்ன, வெட்டிய நூல் அவிழத்தான் பார்க்கும். பெயர் பிரிந்துவிட்டது என்று என்னிடம் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள்.

புது ஃபைல் வந்ததும் அதே கைக்குட்டைத் துணியில் ஒரு பெயர் போட்டு, ஈரக் கட்டைவிரல் நகத்தால் புள்ளியை இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். அதற்குத் தாங்கினால் துணிந்து ஆர்டர் எடுக்கலாம்.

பனியன் துணியில் பெயர் போடும்போது ஒவ்வொரு எழுத்துத் தொடக்கத்திலும் அடியில் நூல் பந்தாகச் சுருண்டு, துணி ஊசித்தட்டோடு மாட்டிக்கொள்கிறது. லாக் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினேன். மோசமாகிவிட்டது.
— வாசகர், திருப்பூர்

கூட்டியதுதான் தவறு, தம்பி. டிசைனுக்குள் ஏற்கெனவே லாக் இருக்கும். மெஷின் செட்டிங்கிலும் வெட்டியபின் தானாக லாக் போடும்படி வைத்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரே துளையில் எட்டுப் பத்துத் தடவை ஊசி இறங்கினால் மேல்நூல் இறுகப் போக்கிடம் இல்லாமல் அடியில்தான் சுருளும். பனியன் துணி என்றால் அந்த இடத்தில் ஓட்டையும் விழும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். நான் மெஷினுடையதை நிறுத்திவிட்டு டிசைனுடையதை வைத்துக்கொள்வேன். எங்கே விழுகிறது என்பது என் கையில் இருக்குமே.

அதோடு துணியை மாட்டும் ஃபிரேமையும் பாருங்கள். துணி தளர்வாக இருந்தால் ஊசி ஏறும்போது துணியும் கூடவே எழும்பும், தொடக்கத் தையல் பிடிக்காது. அதற்காகப் பனியனை இழுத்து மாட்டாதீர்கள், கழற்றியதும் எழுத்து சுருங்கிவிடும். துணிக்கு அடியில் தாங்கலாக வைத்து, தைத்தபின் கிழித்தெடுக்கும் பேப்பர் பனியனுக்குப் போதாது. கத்தரித்தெடுக்கும் வகையை அடியில் கொடுங்கள், அது துவைத்த பிறகும் உள்ளே நின்று எழுத்தைத் தாங்கும். மாட்டிக்கொண்ட துணியை மேலே இழுக்கவே கூடாது. ஃபிரேமை லேசாகத் தூக்கி, அடியில் இருக்கும் நூல்பந்தைச் சின்னக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி விடுவியுங்கள்.

இதெல்லாம் செய்தும் தொடக்கத்தில் நூல் ஊசியை விட்டு உருவிக்கொண்டால், வெட்டியபின் மிஞ்சும் மேல்நூல் போதவில்லை என்று அர்த்தம். அந்த நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, முதல் சில தையலை மெதுவாக ஓட விடுங்கள். சாட்டின் கோட்டைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைப் பாபின் நூல், அதாவது அடிநூல், தெரிய வேண்டும். வெள்ளையே தெரியவில்லை என்றால் மேல் டென்ஷன், அதாவது மேல்நூலின் இறுக்கம், தளர்ந்திருக்கிறது.

சட்டைப் பாக்கெட்டில் 4 மி.மீ. உயரத்தில் தமிழ்ப் பெயர் கேட்கிறார்கள். முடியுமா?
— வாசகி, பரமத்தி வேலூர்

வழக்கமான 40-ஆம் எண் நூலில் 6 மி.மீ.க்குக் கீழே தமிழ் எழுத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. ண, ழ இவற்றின் சுழி அடைந்து கறையாகத் தெரியும். கட்டாயம் என்றால் 60-ஆம் எண் மெல்லிய நூல், 9-ஆம் எண் ஊசி, நிமிடத்துக்கு 600 தையல் வேகம். சாட்டினை விட்டுவிட்டு, ஒரே கோட்டில் போய் அதே கோட்டில் திரும்பும் இரட்டை ஓட்டத் தையலாகப் போடச் சொல்லுங்கள். திரும்பி வருகிற தையலே பாதி லாக் ஆகிவிடும். கடைசியில் கோட்டின் மேலேயே இரண்டு குட்டித் தையல் போதும். 4 மி.மீ.யில் முக்கோண லாக், நட்சத்திர லாக் எல்லாம் வேண்டாம், அதுவே ஒரு புள்ளி மாதிரி தெரியும்.

டவலில் போட்டால் புள்ளி பஞ்சுக்குள் புதைகிறது.
— வாசகர், சென்னிமலை

புள்ளி அங்கேதான் இருக்கிறது, டவலின் கண்ணிகள் மேலே ஏறி மூடிவிடுகின்றன. தண்ணீரில் கரையும் மெல்லிய தாளை மேலே விரித்துத் தையுங்கள். எழுத்தையும் 15 மி.மீ. ஆக்கி, புள்ளியை இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

பட்டு வஸ்திரத்தில் ஜரி நூலால் 'ஓம்' போடும்போது லாக் விழும் இடத்தில் மட்டும் நூல் அறுகிறது.
— வாசகி, கும்பகோணம்

ஜரியின் மேல்தகடு ஒரே இடத்தில் உரசலைத் தாங்காது. 14-ஆம் எண் பெரிய கண் ஊசி, வேகம் 500-க்குக் கீழே, மேல் டென்ஷன் தளர்வாக. லாக்கை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டி, மூன்றே தையலோடு நிறுத்துங்கள். 'ம்' புள்ளியை மட்டும் நான் மெஷினில் முடிக்க விடுவதில்லை. டை-ஆஃப் இல்லாமல் நூலை நீளமாக விட்டு, கை ஊசியில் கோர்த்து அடியில் இறக்கி முடிச்சுப் போட்டுவிடுவேன். சுவாமிக்குச் சாத்துகிற துணி ஒன்றிரண்டுதானே வரும், அதற்கு அந்த ஐந்து நிமிடம் கொடுக்கலாம்.