தொப்பூர் ஏற்றத்தில் திணறும் கார்: டர்போ போடலாமா, இன்ஜின் வேலை பார்க்கலாமா?

கேள்வி: அண்ணா, என்னிடம் 2009 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. 1.3 லிட்டர் இன்ஜின், 2,10,000 கி.மீ. ஓடிவிட்டது. சேலம் போய்த் திரும்பும்போது நாலு பேர் உட்கார்ந்திருந்தால், தொப்பூர் ஏற்றத்தில் ஏசியை அணைத்தால்தான் ஏறுகிறது. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயிலும் குடிக்கிறது. தர்மபுரியில் ஒரு மெக்கானிக், “இன்ஜினைத் தொட வேண்டாம், டர்போ கிட் மாட்டிவிடலாம்” என்கிறார். ஓசூரில் இன்னொருவர், “இப்போது இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடு, ஆறு மாதம் கழித்து டர்போ போடலாம்” என்கிறார். கையில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், பாலக்கோடு

பதில்: தம்பி, இரண்டு பேர் பேச்சையும் அப்படியே கேட்காதீர்கள். முதலாமவர் சொல்வது இன்ஜினையே தீர்த்துவிடும். இரண்டாமவர் சொல்வதில் பாதி சரி, மீதிப் பாதி உங்களை இரண்டு முறை செலவு செய்ய வைக்கும்.

டர்போ என்பது காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிற சாதனம். உங்கள் இன்ஜினோ இருக்கிற அழுத்தத்தையே பிடித்துவைக்க முடியாமல் தவிக்கிறது. வண்டியை ஸ்டார்ட்டிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டனைச் சுற்றி அடைத்து நிற்கும் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே ஆயில் தேங்கும் சம்ப் பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். இந்த நிலையில் டர்போ போட்டால் அது பல மடங்காகி, சீல்கள் வழியே ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். எரியும் அறைக்குள் வரும் ஆயில், பெட்ரோலின் ஆக்டேனையும் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனையும்) குறைத்து, பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங்கைக் கிளப்பும். ஏற்றத்தில் முழு லோடில் நாக்கிங் வந்தால், ரிங் பிடித்திருக்கும் இடத்தில் பிஸ்டன் உடைந்துபோக ஒரே பயணம் போதும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான். பேரிங் தேய்ந்து ஆயில் பிரஷர் குறைந்த இன்ஜினில் அது எத்தனை நாள் தாங்கும்?

ஓசூர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண இன்ஜின் வேலையும் டர்போவுக்கான இன்ஜின் வேலையும் ஒன்றல்ல. ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டுத்தான் மாட்டுவார்கள். டர்போ போட்டால் சூடு கூடி ரிங் இன்னும் விரியும். அதனால் இடைவெளியைக் கூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் முனைகள் முட்டி, பிஸ்டன் உடையும். பிஸ்டனே வேறு தேவைப்படலாம். இதோடு இன்ஜெக்டர், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கிளட்ச் என்று செலவு நீளும். ஆகவே டர்போ வேண்டுமா வேண்டாமா என்பதை, சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் பிளாக் லேத் பட்டறைக்குப் போகும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆறு மாதம் கழித்து என்றால், புதிதாகச் செய்த இன்ஜினை மறுபடி பிரிக்க வேண்டிவரும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: டர்போ வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடக் கவலை இன்ஷூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நேரத்தில் கிளைமை மறுக்கலாம். உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்திருப்பீர்கள். அது ஐந்து வருடத்துக்குத்தான். அடுத்த முறை ஆய்வுக்கு நிற்கும்போது டர்போ கண்ணில் படாமல் போகாது. இன்னொன்று: தொப்பூரில் பெரிய விபத்துகள் நடப்பது சேலம் நோக்கி இறங்கும் பக்கம், இரட்டைப் பாலத்தை ஒட்டி. செலவழிக்கக் காசிருந்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

சரி, இன்ஜின் வேலையாவது தேவையா? பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடிக்க வேண்டும். நாலு அளவையும் நீங்களே போனில் படம் எடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கட்டும். அளவு ஏறினால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவரும்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு சம்பந்தப்பட்டதென்றால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், செலவு வெகுவாகக் குறையும்.

ரிங் தேய்மானம் என்றால், “ரிங் மட்டும் மாற்றிவிடலாம்” என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். ஹெட்டை இறக்கியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் ஒரு படியில் தட்டினால் போர் தேய்ந்துவிட்டது. அதில் புது ரிங் போட்டாலும் ஒட்டி நிற்காது. கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்தவர் அப்படிச் செய்து, ஆறே மாதத்தில் மறுபடி நீலப் புகையோடு நின்றார். போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே அளந்து, தேவைப்பட்டால் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி) அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிராங்க், பேரிங், ஆயில் பம்ப் மூன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பிஸ்டன், பேரிங் என்ன கம்பெனி, என்ன சைஸ் என்று அதில் இருக்கட்டும். லேத் பட்டறை பில் தனியாக வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் முழுவதையும் சாக்கில் கட்டி உங்களிடம் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்றாமலே மாற்றியதாகப் பில் போடுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வாரண்டி எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் என்பதும் பில்லிலேயே வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். வேலை ஓசூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

வேலை முடிந்ததும் முதல் 1,000 கி.மீ. விரட்டாமல் ஓட்டி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். அப்புறம் அதே நாலு பேரோடு, ஏசி போட்டுக்கொண்டு, தொப்பூர் ஏறிப் பாருங்கள். அதுவரை டர்போவுக்கு என்று யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.