மார்பகப் புற்றுநோயும் வயிற்றுக் கொழுப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடிந்து இரண்டாண்டுகளாக லெட்ரோசோல் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். எடை அன்றும் இன்றும் 61 கிலோதான். ஆனால் பழைய உடைகள் இடுப்பில் சேரவில்லை. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் நோய் திரும்பிவிடும் என்கிறாள் என் தங்கை. உண்மையா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தங்கை சொன்னதில் உண்மை இருக்கிறது. ‘திரும்பிவிடும்’ என்ற சொல்தான் பிழை. நோய் திரும்பும் வாய்ப்பைத் தீர்மானிப்பதில் கட்டியின் அளவு, அக்குள் நிணநீர்க் கணுக்களில் பரவல், ஹார்மோன் ஏற்பிகளின் (புற்றணுக்களில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) நிலை ஆகியவற்றுக்குப் பின்னால்தான் கொழுப்பு வருகிறது.

கீமோ நடக்கும் மாதங்களில் நடமாட்டம் குறைந்து தசை கரைவதும், கொழுப்பு கூடுவதும் பலருக்கு நேர்வதுதான். கிலோ கணக்கில் ஒன்று மற்றொன்றை ஈடுசெய்துவிடுவதால் எடைமானியோ, உயரத்தையும் எடையையும் மட்டுமே அறிந்த பி.எம்.ஐ. கணக்கோ அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற தோலடிக் கொழுப்பு வேறு, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவது வேறு. பின்னது இன்சுலினை உயர்த்துகிறது, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது, இவை எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களுக்குத் துணைபோகக்கூடும். மாதவிடாய் நின்றபின், இவ்வகைப் புற்றணுக்களை வளர்க்கக்கூடிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசு போன்ற இடங்களில் அரோமடேஸ் என்ற நொதியால்தான் உருவாகிறது. லெட்ரோசோல் தடுப்பது அந்த நொதியைத்தான். எனவே இடுப்பு பெருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குறைத்தால் பலனுண்டா? 2006இல் வெளியான, 2,437 பெண்கள் பங்கேற்ற ‘வின்ஸ்’ ஆய்வில் கொழுப்பு குறைந்த உணவு உண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அவர்களின் எடையும் மற்றவர்களைவிட மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு வெளியான ‘வெல்’ ஆய்வில் 3,088 பெண்களை ஏழாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். காய்கறியும் பழமும் நார்ச்சத்தும் கூட்டியும் எடை இறங்கவில்லை, நோய் திரும்புவதிலும் வேறுபாடில்லை. (எடைதான் காரணம் என்று முடிவுகட்டும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் அதை நிறுவுவதற்காக இவ்வாய்வுகள் நடத்தப்படவில்லை.)

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் மாதம் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். கரைந்த தசையை மீட்க நடை மட்டும் போதாது, பளுப் பயிற்சியும் வேண்டும். லெட்ரோசோல் எலும்பை மெலிவிக்கும் என்பதால், பளுப் பயிற்சியைத் தொடங்குமுன் எலும்பு அடர்த்திச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.