ரோலி-போலி நகலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். டிஸ்கோ இசை நியூயார்க்கில் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் தன்பாலினத்தவரும் கூடி ஆடிய இடங்களில் உருவானது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் கோவையில் அண்ணனின் டேப் ரிக்கார்டரில் போனி எம் என்ற டிஸ்கோ குழுவைக் கேட்டு வளர்ந்தவள். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், கொரியப் பாட்டு என்றால் உயிர். போன வாரம் டி-ஆரா என்ற பெண்கள் குழுவின் ‘ரோலி-போலி’யைப் போட்டாள். கேட்டதும் எரிச்சலாகிவிட்டது. அப்பட்டமான போனி எம்! பெல்பாட்டம், கையை மேலே நீட்டி ஆடுவது எல்லாம் அதே. ஒரு கம்பெனி ஆள் பிடித்து, பயிற்சி கொடுத்து, உடை மாட்டி ஆடவிடும் பெண்களுக்கும் நீங்கள் எழுதிய டிஸ்கோவுக்கும் என்ன சம்பந்தம்? இது நகல்தானே? “உனக்குப் பிடிச்சிருக்கும்மா, ஒத்துக்க மாட்டேங்கிற” என்கிறாள் மகள். அந்தக் குழு இப்போது இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் கெட்டிக்காரி. எரிச்சலோடு கேட்ட பாட்டில் பெல்பாட்டமும் கை அசைவும் வரை கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பிடிக்காத பாட்டை யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை.

‘ரோலி-போலி’ 2011 ஜூன் இறுதியில் வந்தது. அது இடம்பெற்ற சிறு ஆல்பத்தின் பெயரே ‘ஜான் டிரவோல்டா வான்னபி’, 1977இல் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ என்ற டிஸ்கோ படத்தில் ஆடிய ஹாலிவுட் நடிகர் டிரவோல்டாவாக ஆசைப்படுபவர் என்று பொருள், அதாவது எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். இசை சின்சாடோங் டைகர், சோய் க்யூ-சுங் என்ற இருவர். அந்த வருடம் கொரியாவின் காவோன் என்ற பாட்டு விற்பனைப் பட்டியலில் டிஜிட்டல் விற்பனையில் முதலிடம் இந்தப் பாட்டுக்குத்தான். மறு வருடம் இதே பெயரில் ஒரு மேடை இசை நாடகம்கூட வந்தது.

சரி, போனி எம்முக்கு வருவோம். நீங்கள் அண்ணனின் டேப்பில் கேட்ட அந்த ஆழமான ஆண்குரல் யாருடையது என்று நினைத்தீர்கள்? மேடையில் வெறிபிடித்தது போல ஆடுவாரே பாபி ஃபாரல், அவருடையது என்றுதானே? ரெக்கார்டில் அவர் பாடவே இல்லை. பாடியவர் ஃபிராங்க் ஃபாரியன், ஜெர்மன் தயாரிப்பாளர், ஸ்டுடியோவில் உட்கார்ந்து மொத்தத்தையும் செய்தவர். நான்கு பேரில் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவருடைய குரல்தான் இசைத்தட்டில் உண்டு. மெய்ஸி வில்லியம்ஸும் பாபியும் மேடைக்கு. இதைவிடப் பெரிய வேடிக்கை சில்வர் கன்வென்ஷன் என்ற குழு. மியூனிக்கில் இரண்டு பேர் ஸ்டுடியோவில் ஒரு பாட்டைத் தயார் செய்கிறார்கள், மொத்தப் பாட்டிலும் ஆறே வார்த்தைகள், கூலிக்குப் பாடிய பெண்குரல்கள். 1975இல் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, மேடையில் காட்ட மூன்று பெண்களைத் தனியாகத் தேடிப் பிடித்தார்கள். கம்பெனி ஆள் பிடித்து ஆடவிடுவது கொரியாக்காரன் கண்டுபிடித்தது இல்லை.

நான் டிஸ்கோவின் பிறப்பைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. 1970இல் டேவிட் மன்குஸோ நியூயார்க்கில் தன் வீட்டில் நடத்திய விருந்துகளும், ஃபிலடெல்ஃபியாவில் எர்ல் யங் என்ற டிரம்மர் தாளத்தின் நான்கு அடியிலும் கிக் டிரம்மை மிதித்து, மேலே ஹைஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டைத் திறந்து மூடி வாசித்த முறையும் சேர்ந்துதான் அந்த இசைக்கு உடம்பு கொடுத்தன. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள், கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அடுத்த ஆட்டமே நடக்காமல் போனது. அமெரிக்காவில் டிஸ்கோ என்ற சொல்லையே சொல்லக் கூசும் காலம் வந்தது. ஆனால் ஐரோப்பாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மியூனிக்கிலும் மிலானிலும் அதே தாளத்தை சிந்தசைசரில் போட்டு எண்பதுகள் முழுக்க ஓட்டினார்கள். ஆசியாவுக்கு வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி இந்த ஐரோப்பியச் சரக்குதான்.

கொரியாவில் அது போய் விழுந்த இடம் விசேஷமானது. அங்கே 1945 செப்டம்பரிலிருந்து இரவு ஊரடங்கு. நள்ளிரவு ஆனால் தெருவில் ஆள் இருக்கக்கூடாது, அதிகாலை நான்கு மணிக்குத்தான் நடமாட்டம். எழுபதுகளில் சியோலில் கோ-கோ கிளப்புக்குப் போன இளைஞர்கள் பன்னிரண்டு மணிக்குள் கிளம்பவில்லை என்றால் உள்ளேயே பூட்டிக்கொண்டு விடியும்வரை ஆடவேண்டியதுதான். இந்த ஊரடங்கை 1982 ஜனவரி 5ஆம் தேதி பெரும்பாலான இடங்களில் நீக்கினார்கள். நீக்கியது யார்? சுன் டூ-ஹ்வான், குவாங்ஜுவில் மக்களைச் சுட்டுக்கொன்று இரண்டு வருடம்கூட ஆகாத ராணுவ ஆட்சி. விளையாட்டு, சினிமா, கேளிக்கை என்று ஜனங்களுக்கு எதையாவது கொடுத்து அரசியலிலிருந்து கண்ணைத் திருப்புவதுதான் நோக்கம் என்று கொரியர்களே இன்றும் சொல்கிறார்கள். அந்தத் திறந்துவிட்ட இரவுகளில் டிஸ்கோ கிளப்கள் பெருகின. கிளப்புக்குள் போக வயதில்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோலர் ஸ்கேட்டிங் அரங்கம். அங்கே சக்கரம் மாட்டிக்கொண்டு சுற்றியபடி கேட்டது மாடர்ன் டாக்கிங், லண்டன் பாய்ஸ், அப்புறம் ஜாய் என்ற ஆஸ்திரிய மூவர். ஜாயின் ‘டச் பை டச்’ அங்கே ஒரு தலைமுறைக்கே மனப்பாடம்.

இதைத்தான் ‘ரோலி-போலி’ எடுத்துக்கொள்கிறது. உங்கள் அண்ணனின் டேப்பும் அந்த ஸ்கேட்டிங் அரங்கமும் ஒரே ஊற்றிலிருந்து தண்ணீர் குடித்தவை, அதனால்தான் கேட்டதும் உங்களுக்குப் போனி எம் ஞாபகம் வந்தது. மற்றபடி பாட்டு பார்த்துக்கொண்டிருந்தது தன் ஊர் அம்மாக்களின் ஸ்கூல் நாட்களை.

அம்மாக்கள் என்று சும்மா சொல்லவில்லை. அதே 2011இல், இந்தப் பாட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் ‘சன்னி’ என்று ஒரு கொரியப் படம் வந்து எழுபது லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி எண்பதுகளில் தன்னோடு பள்ளியில் படித்த ஆறு தோழிகளைத் தேடிப் போகும் கதை. தலைப்புப் பாட்டு போனி எம் பாடிய அதே ‘சன்னி’தான். அது பாபி ஹெப் என்ற கறுப்பினப் பாடகரின் 1966ஆம் வருடப் பாட்டு, பத்து வருடம் கழித்து ஃபாரியன் டிஸ்கோவாக்கினார், அங்கிருந்து சியோல் போய்ச் சேர்ந்தது. நகல் என்று பார்த்தால் எதில் தொடங்குவீர்கள்? அந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. தெருவில் போராட்டக்காரர்களும் கலவரத் தடுப்புப் போலீஸும் மோதுகிறார்கள், அதே கூட்டத்துக்கு நடுவில் இரண்டு பெண்கள் கோஷ்டி தங்கள் சொந்தச் சண்டையைப் போடுகிறது, பின்னணியில் முழு உற்சாகத்தோடு ‘டச் பை டச்’. எண்பதுகளின் கொரியாவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியாது. டி-ஆராவிலும் அப்போது ஏழு பெண்கள். ‘ரோலி-போலி’யின் குறும்படம் போன்ற நீளமான வீடியோவும் எண்பதுகளுக்குத்தான் போகிறது.

பாட்டை எடுத்துக்கொண்டால், இசையமைத்த டைகர் பிறந்ததே 1983இல். பாடியவர்களில் மூத்தவர் பிறந்தது 1986, இளையவர்கள் 1993. ஒருவருக்கும் இது சொந்த ஞாபகம் கிடையாது, அடுத்தவர் சொல்லிக் கேட்ட ஞாபகம், அதனால் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. கை அசைவு 1977இன் டிரவோல்டா, சிந்தசைசர் எண்பதுகளின் ஐரோப்பா, குரல்களைச் சீவி மெருகேற்றிய விதம் அச்சு அசல் 2011. எனக்கு இந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது! அக்கறையாக ஆராய்ச்சி செய்து, பழைய டிரம்மைத் தேடி வாங்கி, தூசி முதற்கொண்டு அப்படியே செய்த எத்தனையோ ரெட்ரோ பாட்டுகள் இருக்கின்றன, கேட்டால் மியூசியத்துக்குள் நடப்பது போல இருக்கும். இது பழைய சாமானைப் பற்றிக் கவலையே படாமல் கோரஸில் தலைப்புச் சொல்லைத் திரும்பத் திரும்ப உருட்டி, தள்ளிவிட்டாலும் திரும்ப உன்னிடமே வருவேன் என்கிற ஒரு பெண்ணின் வெட்கமில்லாத பிடிவாதத்தைப் பாடுகிறது. கிக் டிரம் நிற்காமல் போவதற்கும் அந்தப் பிடிவாதத்துக்கும் பொருத்தம் இருக்கிறது இல்லையா? சோகப் பாட்டின் வரியை இந்தத் தாளத்தில் வைத்தால் சோகம் போய்விடும். டிஸ்கோ ஆரம்பத்திலிருந்து செய்துவந்த வேலை இது.

என் குறை வேறு. ‘சன்னி’யில் போலீஸ் இருக்கிறது, ‘ரோலி-போலி’யில் இல்லை. அந்தப் பாட்டின் எண்பதுகளில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு ஆடப் போகிறார்கள். சுன் டூ-ஹ்வான் எதற்காக இரவுகளைத் திறந்துவிட்டாரோ, முப்பது வருடம் கழித்து அது கச்சிதமாகப் பலித்துவிட்டது என்று தோன்றும். ஒரு சின்ன ஆட்டப்பாட்டு குவாங்ஜுவைச் சுமக்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் வீடியோவைப் பார்க்கும்போது இந்த நினைப்பு வரத்தான் செய்கிறது.

கறுப்பர்களின் இசைக்கும் கொரியப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம் என்ற உங்கள் கேள்விதான் இருப்பதிலேயே கனமானது. அதற்கு டி-ஆரா பதில் இல்லை. இன்சூனி என்று ஒரு பாடகியைக் கேளுங்கள். 1957இல் பிறந்தவர். அம்மா கொரியர், அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்த கறுப்பினத்தவர். 1978இல் ஹீ சிஸ்டர்ஸ் என்ற மூன்று பெண்கள் குழுவில் பாட வந்தார். தொலைக்காட்சியில் வரவேண்டுமானால் சுருட்டை முடி தெரியக்கூடாது என்று தலையை மறைக்க வைத்தார்கள். தட்டுகளில் கறுப்பர்களின் இசை வேண்டும், திரையில் அந்த முடி வேண்டாம். அவர் தனியாகப் பாடி 1983இல் வந்த ‘பாமிமியோன் பாம்மாதா’ இன்றுவரை கொரியாவில் விசேஷ வீடுகளில் ஓடும் ஆட்டப்பாட்டு. நாற்பது வருடம் கழித்து, 2023இல், தன்னைவிட இளைய மூன்று பாடகிகளோடு ‘கோல்டன் கேர்ள்ஸ்’ என்று பெண்கள் குழுவாக மறுபடி அறிமுகமானார். சேர்த்தவர் பார்க் ஜின்-யங், கொரியாவின் பெரிய பெண்கள் குழுக்கள் பலவற்றை உருவாக்கிய அதே தயாரிப்பாளர், அதே கம்பெனி முறை. அறுபத்தாறு வயதில் அந்தம்மா ஆடுவதைப் பார்த்துவிட்டு, கம்பெனிப் பெண்களுக்கும் டிஸ்கோவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

குழுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012 ஜூலையில் ஒரு உறுப்பினரைக் கம்பெனி நீக்கியதை ஒட்டிப் பெரிய சர்ச்சை கிளம்பி, கொரியாவில் அவர்கள் பெயர் ஒரேயடியாகக் கெட்டது. யார்மேல் தப்பு என்று இன்றும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. 2021 நவம்பரில் க்யூரி, யுன்ஜங், ஹ்யோமின், ஜியோன் என்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு சிறு ஆல்பம் வெளியிட்டார்கள். சின்சாடோங் டைகர் 2024 பிப்ரவரியில் இறந்துவிட்டார், நாற்பது வயதுதான்.

மகளிடம் ‘ரோலி-போலி’யின் இன்னொரு வடிவமும் இருக்கும், ‘ரோலி-போலி இன் கோபகபானா’ என்ற ரீமிக்ஸ். எனக்கு முதல் வடிவமே போதும், ஆனால் அவள் போட்டால் முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். போனி எம்மில் யார் பாடினார்கள் என்ற கதையை அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னிடம் சண்டைக்கு வராமல் இருப்பார்.