மீன் குடலில் பிளாஸ்டிக்கும் ஆன்டிபயாட்டிக்கும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் பற்றியவை. மருந்தைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னைக் கேட்டால், இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் துகளை மீன் விழுங்கினாலும் கழிவோடு வெளியே வந்துவிடும் என்கிறார்களே, அப்புறம் என்ன பிரச்சினை?

பெரும்பாலும் வந்துவிடும் என்பது சரிதான். போகிற வழியில் என்ன செய்துவிட்டுப் போகிறது என்பதுதான் விஷயம். பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் செய்யும் பிளாஸ்டிக்) துகள் கலந்த நீரில் ஜீப்ரா மீன்களை 14 நாள் வைத்துப் பார்த்த ஆய்வில், குடலில் சளி கூடுதலாகச் சுரந்தது, அழற்சியின் அடையாளங்கள் தெரிந்தன, குடல் பாக்டீரியாக்களின் விகிதமே மாறிப்போனது. வேறு வகைப் பிளாஸ்டிக்குகளை வைத்துச் செய்த சோதனையில் குடலுறிஞ்சிகளில், அதாவது சத்தை உறிஞ்சும் குடல் சுவரின் மெல்லிய மடிப்புகளில், வெடிப்பு கண்டார்கள். துகளின் பருமனும் முக்கியம். 20 மைக்ரோமீட்டர் துகள் செவுளிலும் குடலிலும் நின்றுவிட்டது. 5 மைக்ரோமீட்டர் துகள் கல்லீரல் வரை போனது.

ஆனால் இந்தச் சோதனைகள் பலவற்றில் போட்ட துகளின் அளவு, ஆற்றிலோ கடலிலோ இருப்பதைவிட மிக அதிகம். அதனால் ஆற்று மீனெல்லாம் குடல் புண்ணோடு அலைகிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

குளத்தில் ரோகு, கட்லா வளர்க்கிறேன். நோய் வராமல் இருக்க மாதம் ஒருமுறை தீவனத்தில் ஆக்சிடெட்ராசைக்ளின் கலக்கச் சொல்கிறார் தீவனக் கடைக்காரர். கூடவே புரோபயாட்டிக்கும் கொடுக்கலாமா?

கலக்காதீர்கள். வராத நோய்க்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பணத்துக்கும் நஷ்டம், மீனுக்கும் நஷ்டம்.

கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. தீவனத்தைச் செரிக்க உதவுவதும், நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்காமல் அடைத்து உட்கார்ந்திருப்பதும் அங்கே வாழும் பாக்டீரியாக்கள்தான். மருந்து அவற்றையும் சேர்த்தே அழிக்கிறது. காலியான இடத்தில் முதலில் பெருகுவது மருந்துக்கு அசையாத கிருமி. அது மீனுக்கு நோய் தரும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவாக இருந்தால், நிஜமாகவே நோய் வரும் நாளில் அதே மருந்து வேலை செய்யாது. அதோடு, ஆக்சிடெட்ராசைக்ளின் கெண்டையின் உடலில் ஏறுவது மிகக் குறைவு. பெரும்பகுதி கழிவோடு வெளியே வந்து குளத்துச் சேற்றில் தங்கிவிடும்.

புரோபயாட்டிக்கும் உயிருள்ள பாக்டீரியாதான். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் ஒரு கையால் விதைத்து மறு கையால் களைக்கொல்லி அடிக்கிற கதை. மருத்துவர் சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுக்க நேர்ந்தால், அது முடிந்த பிறகு புரோபயாட்டிக் ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. மீன் பேனுக்கும், அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரியால் வரும் புண் நோய்க்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தே இல்லை. குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் வகை ஆன்டிபயாட்டிக்குகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. வேறு பெயரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மீன் சோர்ந்தால் விடிகாலையில் குளத்து நீரின் ஆக்சிஜனையும், அப்படியே அம்மோனியாவையும் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

நீரில் பிளாஸ்டிக்கும் மருந்தும் சேர்ந்து இருந்தால் கெடுதல் இரண்டு மடங்கா?

அப்படி நேராகக் கூட்டிச் சொல்ல முடியாது. நைலான் போன்ற பாலிஅமைடு துகள்கள் டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை நன்றாகவே பிடித்து வைத்துக்கொள்கின்றன. உப்பு நீரைவிட நன்னீரில் இது அதிகம். பிடித்ததைக் குடலில் விட்டால் பாதிப்பு கூடும், விடாமல் சுமந்துகொண்டே வெளியேறினால் குறையவும் செய்யும். சிவப்புத் திலேப்பியாவில் ராக்சித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வைத்துச் செய்த 2019 ஆய்வில் பாலிஸ்டைரீன் இருந்தபோது திசுக்களில் மருந்து அதிகம் சேர்ந்தது. அதே ஆய்வில் நரம்புப் பாதிப்போ குறைந்தது!

எனக்குக் கவலை தருவது துகளின் மேல் படியும் பாக்டீரியாப் படலம். நெருக்கமாக ஒட்டி வாழும் இடத்தில், மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றுவது எளிது. சுற்றிலும் மருந்து இருந்தால் அந்த மரபணு உள்ளவை மட்டும் பிழைக்கும். ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். மீனுக்கு யாரும் மருந்து கொடுக்காத இடத்திலும் மீன் மருந்து தின்னும் என்பதற்கு இது போதும்.

நெத்திலி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். தலையையும் குடலையும் கிள்ளி எடுத்துவிட்டுச் சமையுங்கள். பிளாஸ்டிக் துகள் பெரும்பாலும் குடலிலும் செவுளிலும்தான் இருக்கும். பெரிய மீனில் இரண்டுமே குப்பைக்குப் போய்விடுகின்றன. வளர்ப்பு மீனில் மருந்து எச்சம் இருந்தால் அது வேறு கதை. சதைக்குள் இருப்பதால் கழுவினால் போகாது, வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.

தங்க மீன் மந்தமாக இருக்கிறது. வீட்டில் மிச்சமிருந்த டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலைத் தொட்டியில் போட்டேன், தண்ணீர் கலங்கிவிட்டது.

ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் அடிபட்டிருக்கலாம். இன்றைக்கே கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீராக மாற்றுங்கள். இரண்டு நாள் தீவனம் வேண்டாம். அம்மோனியா சோதனைக் கிட் அக்வேரியம் கடைகளில் கிடைக்கும், தினமும் பாருங்கள். அளவு இறங்கும்வரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும்.