ஆர்க்னியின் மேற்குக் கரையில் ஒரு மே மாத நடை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னியில் பெரிய தீவின் பெயர் மெயின்லேண்ட். அதன் மேற்குக் கரையில், பர்ஸே ஊரிலிருந்து ஸ்கேல் விரிகுடா வரை ஒரே நாளில் நடப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: வடக்கே பர்ஸேயில் தொடங்குவதா, தெற்கே ஸ்கேலில் தொடங்குவதா?

அன்றைக்குக் கடல் எப்போது வற்றுகிறது என்று முதலில் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். பர்ஸேக்கு எதிரே ப்ரஃப் என்ற குட்டித் தீவு இருக்கிறது. கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம்தான் அதற்கான நடைபாதை வெளியே தெரியும். காலையில் வற்றினால் பர்ஸேயில் தொடங்கி, ப்ரஃபைப் பார்த்துவிட்டுத் தெற்கே நடங்கள். மாலையில் வற்றினால் ஸ்கேலிலிருந்து வடக்கே வந்து ப்ரஃபில் முடியுங்கள். வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்றுப் போனவர் சொன்ன நேரத்தை அப்படியே நம்பாதீர்கள்.

இன்னொன்று. கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அட்டவணை எந்த நேரத்தைச் சொல்கிறது என்று பார்த்து, தேவையானால் ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் முழங்கால் வரை நனைந்தபடி திரும்பி வந்துவிடலாமா?

வேண்டாம். பாதை வழுக்கும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டால் அடுத்த வற்றம் வரை காத்திருங்கள். குளிரும், அலுப்பாக இருக்கும். ஆனால் உயிர் பத்திரம். அதற்காகவே ஒரு கூடுதல் ஸ்வெட்டரும் சாப்பாடும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, என் மகளுக்குப் பஃபின் என்ற கடற்பறவையைப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் கிடைக்குமா?

கிடைக்கும். ஏப்ரலில் கரைக்கு வந்து ஜூலை முடிவுக்குள் பெரும்பாலும் கடலுக்குத் திரும்பிவிடும். ப்ரஃபின் மேற்குப் பாறைகளில், 1925இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை ஒட்டித் தேடுங்கள். பகலில் பல பறவைகள் இரைதேடிக் கடலில் இருக்கும், மாலையில்தான் வளைக்குத் திரும்பும். அதனால் மாலையில் கடல் வற்றும் நாளாகப் பார்த்துப் போனால் மகளுக்கு நல்லது.

பறவைக் கூட்டம் வேண்டும் என்றால் வழியில் உள்ள மார்விக் ஹெட் என்ற பாறை முனைதான். கிட்டத்தட்ட செங்குத்தான அந்தப் பாறைச் சுவரில் கில்லெமாட்டுகள் தோளோடு தோள் நிற்கும். கூடு கிடையாது, வெறும் கல் விளிம்பில் ஒரே முட்டை. கிட்டிவேக்குகளின் கூச்சல் பாறையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும். விளிம்பருகே புல்லில் சாம்பல் வெள்ளையாக ஃபுல்மார் உட்கார்ந்திருந்தால் கிட்டே போகாதீர்கள். நாற்றமடிக்கும் எண்ணெயைத் துப்பும், துணியில் பட்டால் லேசில் போகாது. அதைவிட முக்கியம், அது அடைகாத்துக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: மார்விக் ஹெட்டில் தெரியும் கோபுரம் என்ன?

1916 ஜூன் 5 அன்று ஹாம்ப்ஷயர் என்ற போர்க்கப்பல் இந்தக் கரைக்கு அப்பால் ஜெர்மானியக் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. இறந்தவர்களில் பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனரும் ஒருவர். அவர் நினைவாக 1926இல் கோபுரம் எழுந்தது. கப்பலோடு போன மற்றவர்களின் பெயர்கள் பொறித்த சுவர் 2016இல்தான் வந்தது. நின்று அந்தப் பெயர்களையும் வாசியுங்கள். அவர்களும் அதே இரவில் அதே குளிர்ந்த நீரில் போனவர்கள்தான்.

கேள்வி: வேலி போட்ட வயல்களுக்குள் நடக்க அனுமதி உண்டா?

உண்டு, பயிர் வளரும் நிலத்தைத் தவிர. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடப்பவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் வசந்தம் ஆடு ஈனும் காலம். குட்டிகளுக்கும் தாய்க்கும் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள், கதவைத் திறந்தால் மூடிவிடுங்கள். நாய் இருந்தால் கயிற்றிலேயே இருக்கட்டும்.

கேள்வி: காற்று எப்படி? குடை போதுமா?

குடை உதவாது, காற்று பிடுங்கிக்கொள்ளும். தலைமூடியுள்ள மழைக்கோட்டு எடுங்கள். மே மாதப் பகலிலும் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், காற்றடித்தால் இன்னும் குளிரும். ஒதுங்க மரமும் இல்லை. காற்று பலமாக இருந்தால் விளிம்பை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நடங்கள். அந்தப் பாறை அடுக்கடுக்கான மணற்கல். கீழே கடல் அரித்துவிட்டால், மேலே புல் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஸ்காரா ப்ரேவுக்கும் நேரம் ஒதுக்கலாமா?

கட்டாயம். ஸ்கேல் விரிகுடாவில்தான் இருக்கிறது. 1850இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது வெளியே வந்த, சுமார் 5,000 ஆண்டு பழைய கிராமம். கல்லால் ஆன படுக்கை, அலமாரி, நடுவில் அடுப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. வாசல் மூடும் நேரத்தை முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பர்ஸேயிலிருந்து வருபவர்கள் பலர் இங்கேதான் தாமதமாகிறார்கள்.

கேள்வி: இரவாகிவிட்டால்?

மே நடுவில் சூரியன் இரவு ஒன்பதரை மணி வாக்கில்தான் மறைகிறது. வெளிச்சம் போதாமல் போகாது, பஸ்தான் போதாது. சேவைகள் குறைவு. கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது காரில் வந்து அழைத்துப் போக யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள்.