பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவினால் அம்மாவின் தமிழ்த் தட்டச்சு என்ன ஆகும்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அம்மா 2014இல் வாங்கிய மடிக்கணினியை வைத்திருக்கிறார். அதில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். லினக்ஸ் நிறுவினால் அவரால் தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? அல்லது புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்:

முடியும். புதிது வாங்க வேண்டிய அவசியமில்லை. என் அக்காவும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைதான். அவருடைய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்தேன்; விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸின் ஒரு வகை அது. வினாத்தாள், பயிற்சித்தாள், பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் எல்லாமே இப்போது அதில்தான் தயாராகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் கணினி கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த நிபந்தனை. 2014இல் விற்ற மடிக்கணினிகளில் அவை கிடையா. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது; நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும் ஒரு கருவியை இந்தக் காரணத்துக்காகக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செலவு செய்வதானால் ஒன்றுக்கு மட்டும் செய்யுங்கள். புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்குப் போய் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்று வாங்குங்கள். பழைய மடிக்கணினி ஊர்வதற்கு முதற்காரணம் பெரும்பாலும் அதிலுள்ள சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எஸ்டி பொருத்துவதில் இன்னொரு பெரிய நன்மையும் இருக்கிறது. விண்டோஸ் இருக்கும் பழைய டிஸ்கை அப்படியே கழற்றி எடுத்து வைத்துவிடலாம். லினக்ஸை புதிய எஸ்எஸ்டியில் நிறுவலாம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் பழையதைத் திரும்ப மாட்டினால் போதும். ஒரே டிஸ்கைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களையும் வைப்பதைவிட இதுவே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. ரேம் 4 ஜிபி மட்டுமே இருந்து, கூடுதல் ரேம் போட இடமும் இருந்தால், கையோடு அதையும் கேளுங்கள். அந்தக் காலத்து 4ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளுக்கு டிடிஆர்3எல் என்ற 1.35 வோல்ட் வகைதான் பொருந்தும்.

எந்த லினக்ஸ் என்றால், மின்ட் என்றுதான் சொல்வேன். விண்டோஸில் பழகியவருக்கு அதன் மெனுவும் பணிப்பட்டையும் அந்நியமாகத் தெரியாது. 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து, மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். பிறகு அதைச் செருகி, கணினியை இயக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் உங்கள் கணினிக்குரிய விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும்.

பென்டிரைவிலிருந்து தொடங்கியதும் உடனே நிறுவிவிடாதீர்கள். டிஸ்கில் எதையும் தொடாமலேயே மின்ட் முழுதாக இயங்கும். சற்று மெதுவாக இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். வகுப்பில் புரொஜெக்டர் பயன்படுத்துபவர் என்றால் எச்டிஎம்ஐ கம்பியைத் தொலைக்காட்சியில் செருகியும் பார்த்துவிடுங்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லு உள்ள சில கணினிகளில் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அப்போது கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுங்கள். மின்டின் டிரைவர் மேலாளர் தேவையானதைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அம்மா எந்த முறையில் தட்டச்சு செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். மலேசிய ஆசிரியர்கள் பலருக்கும் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகவே கணினித் தமிழ் பழக்கமாயிற்று. விரல்கள் அந்த முறைக்கே பழகியிருக்கும். முரசு அஞ்சலின் விண்டோஸ் பதிப்பை லினக்ஸில் நிறுவிப் பயன்படுத்த முடியாது. ஆனால் மென்பொருள் மேலாளரில் ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால் தமிழுக்குப் பல விசைமுறைகள் கிடைக்கும். ஆங்கில எழுத்துகளை ஒலிப்புப்படி தட்டும் ஒலிப்பு முறையும், தமிழுக்கென்றே அமைந்த தமிழ்99 விசைமுறையும் அவற்றில் அடக்கம். ஒலிப்பு முறை அஞ்சலுக்கு நெருக்கமானது. எனினும் ந, ன, ண போன்ற எழுத்துகளுக்கான விசைகள் அப்படியே ஒத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அக்காவுக்குத் தொடக்கத்தில் அதுதான் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அம்மா தமிழ்99 பழகியவர் என்றால் வேலை இன்னும் எளிது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. விசைப்பலகை அமைப்புகளுக்குள் போனாலும் தமிழ்99 என்ற தளவமைப்பு கண்ணில் படும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டுமே வேலை செய்வது. தமிழ்99இன் அழகே அதன் விதிகளில்தான் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிட வேண்டும், புள்ளி தானாக விழ வேண்டும். அந்த விதிகள் ஐபஸ் வழியாக வரும் தமிழ்99இல்தான் இருக்கின்றன.

எழுதுவதற்கு லிப்ரெஆஃபிஸ் மின்டோடு சேர்ந்தே வருகிறது. அதன் மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்து அமைப்புக்கான (Complex Text Layout) தேர்வை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழுக்கான எழுத்துருவை அங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழுக்கு வேறொன்றுமாகப் பக்கம் அலங்கோலமாகிவிடும். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி போன்ற குறியாக்கங்களில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்கள் அம்மாவிடம் நிச்சயம் இருக்கும். திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துருவை விண்டோஸிலிருந்து படியெடுத்து லினக்ஸில் சேர்த்தால் தமிழ் திரும்பிவிடும். ஆகவே விண்டோஸ் இன்னும் இயங்கும்போதே அவர் ஆவணங்களோடு எழுத்துருக் கோப்புகளையும் வெளி டிஸ்கில் எடுத்துவையுங்கள்.

கல்வி அமைச்சின் டெலிமா தளம், வருமான வரிப் படிவம், வங்கிக் கணக்கு எல்லாம் உலாவியில் திறப்பவை. அவற்றுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான்.

எல்லோருக்கும் லினக்ஸ் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கிள்ளானில் கடை வைத்திருக்கும் என் மாமாவும் கேட்டார். அவருடைய கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுவது. கடையின் கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது. அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபோட்டோஷாப்போ, மேக்ரோ (தானியங்கிக் கட்டளைகள்) நிறைந்த எக்செல் கோப்புகளோ இல்லாமல் வேலை நடக்காது என்பவருக்கும் அதே பதில்தான். அம்மாவின் பட்டியலில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று எஸ்எஸ்டி வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

நிறுவி முடித்ததும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் திறந்து, வாரம் ஒருமுறை அமைப்பைப் பதிவுசெய்யும்படி வையுங்கள். ஏதாவது புதுப்பிப்பு சிக்கல் தந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது அம்மாவின் ஆவணங்களைக் காக்காது. அவற்றுக்கு வெளி டிஸ்கில் தனிப் படி வேண்டும்.

மடிக்கணினியின் மாடல் பெயரையும், அம்மா பயன்படுத்தும் தட்டச்சு முறையையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வைஃபைக்குத் தனி டிரைவர் தேவைப்படுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.