வெளியே அனுப்புவது அவனுக்குத் தண்டனையா, விடுதலையா?

கேள்வி: அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். ஒரு பையன் எழுதச் சொன்னாலே பென்சிலைத் தூக்கி எறிகிறான், பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுகிறான். வராந்தாவில் நிற்க வைத்தாலும் மறுநாள் அதேதான். ஸ்டார் ஒட்டிப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் அதுவும் சலித்துவிட்டது. கதை சொன்னால் மட்டும் கண் கொட்டாமல் கேட்கிறான். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், டீச்சர். கதை நேரத்தில் அடங்கி உட்காரும் பிள்ளைக்கு அடங்கத் தெரியாமல் இல்லை. அவனுக்கு எழுத்து வேலைதான் தாங்கவில்லை. பென்சிலை எறிந்தால் வராந்தா கிடைக்கிறது, வராந்தாவில் எழுத வேண்டியதில்லை. நீங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுப்பது அவன் கணக்கில் விடுதலை. ஆசிரியர் பயிற்சியில் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்று படித்திருப்பீர்கள். அதைத் தண்டனை என்றே பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். உண்மையில், பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை வலுப்படுவதற்குத்தான் அந்தப் பெயர். உங்கள் வகுப்பில் நடப்பது அதுவே.

அதனால் ஸ்டாரை எடுத்து வைத்துவிட்டு, ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எழுதுவதைப் பாருங்கள். கரும்பலகையில் ‘பறவைகள்’ என்று இருக்கிறது. சரளமாகப் படிக்கும் பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முழுச் சொல்லையும் எழுதிவிடும். இவன் ‘ப’வுக்கு ஒருமுறை, ‘ற’வுக்கு ஒருமுறை, ‘வை’யின் கொம்புக்கு ஒருமுறை என்று நிமிர்ந்தால், அவன் எழுதவில்லை, படம் வரைகிறான். ஐந்து வரி முடிப்பதற்குள் எத்தனை முறை தலையைத் தூக்கி இறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பென்சில் ஏன் பறக்கிறது என்பது புரிந்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா என்பதையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் மற்ற எதற்கும் முன் கண் பரிசோதனை.

வேலையை அவன் நிலைக்குக் கொண்டுவருவது அடுத்தது. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் (மலர்தான் மேல்நிலை) என்று பிரித்ததே இதற்காகத்தான். மூன்றாம் வகுப்பில் இருக்கிறான் என்பதற்காக மலர் வேலையைக் கொடுக்காதீர்கள். அவனுக்குப் பிடித்த கதையிலிருந்தே மூன்று சொற்களை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி மேசையில் வையுங்கள். கரும்பலகைக்கும் நோட்டுக்கும் நடுவே கண் அலைய வேண்டாம். இரண்டு சொல் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும், ஒன்று மட்டும் புதிது.

இதோடு ஒரு வாக்கியத்தையும் கற்றுக்கொடுங்கள்: “டீச்சர், இது எனக்குப் புரியல.” வகுப்பில் நான் மிகவும் நம்பும் வழி இது. எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வாய்விட்டு உதவி கேட்கப் பழக்கியதும் அவர்களுடைய முரட்டு நடத்தை குறைந்தது. எறிவதால் கிடைத்த அதே பலன் கேட்பதால் கிடைத்துவிட்டால், எறிய வேண்டிய தேவை இல்லை. ஆனால் அவன் கேட்டவுடன் நீங்கள் போக வேண்டும், தொடக்க நாட்களில் ஒருமுறைகூடத் தவறாமல். பழகிய பிறகு “இதோ வரேன்ப்பா” என்று சிறிது காக்க வைக்கலாம்.

பாராட்டும் உடனுக்குடன் இருக்க வேண்டும். எதற்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். ‘வெரிகுட்’ என்றால் எது குட் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? “கிள்ளாம என்னைக் கூப்பிட்டே பாரு, அது நல்லாயிருக்கு” என்று காதருகே சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் புகழ்ந்தால் கூசிப்போகும் பிள்ளைகள் உண்டு. ஸ்டாரை அறவே விட வேண்டியதில்லை, அவன் விரும்பாத எழுத்து வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கதை கேட்டதற்குக் கொடுத்துவிடாதீர்கள். 1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு தாமாக வரையும் நேரம் அந்தப் பிள்ளைகளிடம் குறைந்துபோனது. தானாக ஊறும் ஆசைக்குக் கூலி பேச வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வராந்தாவுக்கு அனுப்புவதை நிறுத்தி அந்த வழி அடைபட்டதும் சில நாட்கள் முன்னைவிட அதிகமாக எறியக்கூடும். பழைய சாவி ஏன் திறக்கவில்லை என்று வேகமாகத் திருகிப் பார்க்கிறான், அவ்வளவுதான். கோபப்படாமல் பென்சிலை எடுத்துக் கொடுத்து, “ஒரு சொல் மட்டும் சேர்ந்து எழுதலாம்” என்று முடித்துவிடுங்கள். கிள்ளு வாங்கும் பிள்ளையை அந்த நாட்களில் வேறு இடத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளையும் உங்கள் பொறுப்புதான். தினமும் எத்தனை முறை எறிந்தான், எத்தனை முறை உதவி கேட்டான் என்று நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு வாருங்கள். ஒரு மாதம் கழித்தும் எறிந்ததற்கான கோடுகள் குறையாவிட்டால், அல்லது எழுத்துகளே அவனுக்குக் குழம்பித் தெரிந்தால், அந்த நோட்டோடு வட்டார வள மையத்தில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவும் சிறப்பாசிரியரைப் பாருங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் அந்தக் கணக்கைத்தான்.